சரிவு இல்லாத மண்டபம்

மேலப்படுகை,
திருவையாறு வழி.
ஆனி 26

என் கூடப் பிறந்த அமிர்தத்துக்கு,

அண்ணன் நாகநாதன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் இரண்டு மாடும் சுகம். குறுவை நடவு முடிந்தது, பயிரும் சுகம். சுகமில்லாதது வண்டி ஒன்றுதான், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதை உன் அண்ணி மூலம் தெரிந்துகொண்டேன். நேராகத் தெரிந்துகொள்ள வழியில்லை, நீ என் போனை எடுப்பதில்லை.

வானதி கல்யாணம் முடிந்து இன்றோடு முப்பத்தெட்டு நாள். முதல் வாரம் தினமும் கூப்பிட்டேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாவது வாரம் மணி அடிப்பதற்கு முன்பே ஓய்ந்தது. வாட்ஸாப்பில் காலை வணக்கம் போட்டு ரோஜாப்பூ அனுப்பினேன், விநாயகர் அனுப்பினேன், கடைசியில் உனக்குப் பிடிக்குமே என்று வெங்காய வடகம் போடும் வீடியோகூட அனுப்பினேன், எதையும் நீ திறந்து பார்க்கவில்லை. உன் அண்ணி மங்கையர்க்கரசி போனில் கூப்பிட்டால் அரை மணி நேரம் பேசுகிறாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து லேசாக இருமினால் 'அடுப்புல பால் இருக்கு அண்ணி' என்று வைத்துவிடுகிறாய். உன் வீட்டில் அவ்வளவு பால் எப்போதும் அடுப்பில் இருப்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் தபாலாபீஸ் போய் கவர் வாங்கி இதை எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது என்று ஒரு நம்பிக்கை.

கல்யாணத்தன்று தாய்மாமனாகிய நான் மண்டபத்து வாசலில் வண்டியை விட்டு இறங்காமல் கோபமாக உட்கார்ந்திருந்தேன் என்று நீ நினைக்கிறாய். மாப்பிள்ளை நினைக்கிறார், சம்பந்தி வீட்டார் நினைக்கிறார்கள், பந்தி பரிமாறியவர்கள்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள். அமிர்தம், அன்றைக்கு எனக்குக் கோபமே இல்லை. என்னிடம் இருந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி, அவ்வளவுதான். அந்த வண்டியைப் பற்றி முழுதும் தெரிந்தால்தான் நான் ஏன் இறங்கவில்லை என்பது உனக்கு விளங்கும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதிராம்பட்டினத்தில் மூஸா பாயிடம் அதை வாங்கினேன். மீனுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி, வயது அப்போதே இருபதுக்கு மேல். ஐ.டி.ஐ.யில் பதினோரு மாதம் ஃபிட்டர் படித்துவிட்டுப் பாதியில் வந்தவன் நான் என்பதால், வண்டி வாங்கக் கூட யாரையும் அழைத்துப்போகவில்லை. இரண்டு தரம் சுற்றி வந்தேன், டயரை ஒரு உதை உதைத்தேன், பானெட்டைத் திறந்து 'ம்' என்றேன். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூஸா பாய் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, அவர் நல்ல மனுஷர். 'அண்ணே, கடக் காத்துல நின்ன வண்டி. அடிப்பக்கம் ஒரு தடவ குனிஞ்சு பாத்துருங்க' என்று அவரே சொன்னார். புது வேட்டி அழுக்காகுமே என்று நான் குனியவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் வண்டித் தரையில் விரித்திருந்த ரப்பர் விரிப்பு நழுவியபோது என் இடது காலுக்குக் கீழே தார்ரோடு ஓடிக்கொண்டிருந்தது. உப்புக் காற்று தகரத்தைத் தின்றுவிட்டது. மழை பெய்தால் ஐஸ் பெட்டி இருந்த இடத்திலிருந்து மீன் வாசனை கிளம்பும், ஊர்ப் பூனை அத்தனையும் என் வண்டியைத்தான் முதலாளியாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

பூனையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இரண்டாவது கியரில் போட்டால் அது நிற்காது, தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும், அதனால் சைக்கிள் டியூப்பை அறுத்துக் கியர் கம்பியைச் சீட்டோடு இழுத்துக் கட்டினேன். இடது பக்கம் திருப்பினால் ஹாரன் அடிக்கும், அதை நிறுத்த வலது பக்கம் திருப்ப வேண்டும், ரோட்டில் போகிற ஒருவருக்கும் நான் எங்கே போகிறேன் என்று விளங்குவதில்லை. இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. ஹேண்ட் பிரேக் பேருக்கு இருக்கிறது, வேலைக்குக் கருங்கல் ஒன்று வைத்திருக்கிறேன். திருவையாற்றில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அஹமது கபீர் ஒரு நாள் முழுக்க வண்டிக்குக் கீழே படுத்திருந்துவிட்டு எழுந்து வந்தான். 'அண்ணே, ஒண்ணு சரி பண்ணா அது பக்கத்துல உள்ளது கோவிச்சுக்குது. ஓடுற வரைக்கும் எதையும் தொடாதீங்க' என்றான். அவன் சொன்னதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு, என் வண்டியில் தொட வேண்டியது ஒன்றுமே இல்லையாம் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான்.

இதெல்லாம் சில்லறை வியாதி. பெரிய வியாதி செல்ஃப். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அத்தோடு சரி. பேட்டரி மாற்றினேன், டெர்மினலில் பூத்திருந்த பச்சைப் பூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டினேன், எது செய்தாலும் பத்து நாள், பழையபடி டக். அப்புறம் தள்ளித்தான் கிளப்ப வேண்டும், அல்லது சரிவில் நிறுத்தி உருட்டிவிட்டுக் கிளட்சை விட வேண்டும். இங்கேதான் சிக்கல். நம் ஜில்லாவில் சரிவு எங்கே இருக்கிறது? பிறந்ததிலிருந்து ஐம்பத்தேழு வருஷம் இந்த மண்ணில் இருக்கிறேன், இது இவ்வளவு தட்டையான மண் என்று அந்த வண்டி வாங்கிய பிறகுதான் கவனித்தேன். ஆற்றங்கரை ஏற்றம், பாலத்து ஏற்றம், இவ்வளவுதான் நமக்கு மலை. அதனால் நான் எங்கே போக வேண்டுமென்றாலும் பக்கத்தில் பாலம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் போவேன். வங்கிக்குப் போனால் குடமுருட்டிப் பாலத்தில் நிறுத்திவிட்டு ஒரு மைல் நடப்பேன். உன் அண்ணிக்குப் பல்வலி வந்தபோது டாக்டர் நல்லவரா என்று அவள் கேட்டாள், ஆஸ்பத்திரி சரிவில் இருக்கிறதா என்று நான் கேட்டேன். வீட்டுக்கு எதிரே காவிரிக் கரையில் நிறுத்தி வைத்திருந்தபோது ஒரு நாள் கல் நழுவி, வண்டி தானாகவே இறங்கிப் பக்கத்துக்காரர் நாற்றங்காலில் போய் நின்றது. அது தடங்கலில்லாமல் ஓடியது அன்றைக்கு ஒரு நாள்தான்.

இவ்வளவையும் உன்னிடம் மறைத்தேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் நீ போன் பண்ணி, 'அண்ணே, சீரை ஏத்திட்டு வர ஒரு வாடக வண்டி புடிச்சுக்குங்க. உங்க வண்டி வேணாம்ணே, எனக்குப் பயமா இருக்கு' என்றாய். தங்கை சொல்வது நியாயம் என்று ஒரு நல்ல அண்ணன் நினைத்திருப்பான். எனக்கு ரோஷம் வந்தது. 'என் வண்டி கண்டிஷன் உனக்கு என்ன தெரியும்? தாய்மாமன் சீர் சொந்த வண்டியிலதான் வந்து எறங்கும்' என்று சொல்லி வைத்தேன். வைத்த கையோடு கபீரைத் தேடி ஓடினேன்.

முதல் நாள் சாயங்காலமே வந்திருக்க வேண்டிய சீர். அன்று முழுக்க வண்டியின் டைனமோ, கபீர் கையில் இருந்தது. மறுநாள் விடிந்ததும் ஏற்றினோம். பீரோ ஒன்று, பாத்திரம், இருபத்தொரு வரிசைத் தட்டு, இரண்டு வாழைத்தார், வாசலில் தெளிக்கப் பன்னீர் இரண்டு டஜன் பாட்டில். பீரோவைப் படுக்க வைத்தால் கண்ணாடி உடையும் என்று நிமிர்த்தியே கட்டினேன், எதிரே வருகிறவர்களுக்கு அது என்ன பீரோ என்று தெரிய வேண்டும் என்ற ஆசையும் கொஞ்சம் உண்டு. உன் அண்ணி பட்டுப்புடவையோடு வந்து வண்டியை ஒரு பார்வை பார்த்தாள். 'நீங்க வண்டியில வாங்க. நான் கல்யாணத்துக்குப் போறேன்' என்று சொல்லி பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மன்னார்குடி மண்டபத்துக்கு வழி தஞ்சாவூர்தான், திருவையாற்றிலிருந்து அங்கே போக ஐந்து ஆறு கடக்க வேண்டும். ஐந்து பாலம், பத்துச் சரிவு, எனக்கு அதைவிட நல்ல ரோடு உலகத்தில் கிடையாது. ஆனால் வெட்டாற்றுப் பாலத்தில் ஏறும்போதே ரேடியேட்டர் கொதிக்க ஆரம்பித்துவிட்டது, பானெட்டிலிருந்து ஆவி. வைகாசி மாதம், மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. காவிரியில் மணல், குடமுருட்டியில் மணல், வெட்டாற்றில் மாடு மேய்கிறது. ஐந்து ஆற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு ரேடியேட்டருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் இல்லாமல் தவித்த விவசாயி நானாகத்தான் இருப்பேன். கொண்டுபோயிருந்த கேன் தண்ணீரை அங்கேயே ஊற்றினேன். தஞ்சாவூர் தாண்டி வடுவூர் ஏரியிலும் கால் நனையத் தண்ணீர் இல்லை, மறுபடியும் ஆவி. மணி எட்டே கால், முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. என்ன செய்வேன்? பன்னீரை உடைத்து ஊற்றினேன். பதினெட்டுப் பாட்டில் குடித்தது. அங்கிருந்து மன்னார்குடி வரைக்கும் என் வண்டியின் பானெட்டிலிருந்து பன்னீர் மணத்தோடு ஆவி வந்துகொண்டிருந்தது. வழியில் நின்ற ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார், சாமி ஊர்வலம் என்று நினைத்திருப்பார்.

ஒன்பது மணி ஐந்து நிமிஷத்துக்கு மண்டபத்து வாசலுக்கு வந்துவிட்டேன். அமிர்தம், நீ பிடித்தது அருமையான மண்டபம். ஏசி இருக்கிறது, பெரிய சமையல்கூடம் இருக்கிறது, குழந்தைகளுக்கு ஊஞ்சல் இருக்கிறது. சரிவு மட்டும் இல்லை. வாசலில் வாழைமரம் கட்டி, மேலே வருக வருக என்று போர்டு வைத்திருந்தீர்கள். பீரோவின் தலை அந்தப் போர்டில் இடிக்கும். உள்ளே போக முடியாது, ஆளைக் கூப்பிட்டுப் பீரோவை இறக்கின பிறகுதான் வண்டியை நகர்த்த முடியும். அதுவரை இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது நின்றுவிடும், நின்றால் அந்தத் தட்டைத் தரையில் அத்தனை பாரத்தோடு மறுபடி கிளம்பாது. வாசலை அடைத்துக்கொண்டு என் வண்டி, அதற்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டார் பஸ். இப்போது சொல், நான் எப்படி இறங்குவேன்?

பீரோ இறக்க ஆள் வரும் என்று காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கொழுந்தனார் இரண்டு பேரோடு வந்தார். நல்ல மரியாதையாக, 'உள்ள வாங்க மச்சான், ஏன் இங்கயே உக்காந்துட்டீங்க' என்றார். இன்ஜின் போடுகிற சத்தத்தில் நான் பீரோ என்று கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. என்னால் முடியாது என்று தலையை ஆட்டினேன். அவர் முகம் மாறியது. தாய்மாமன் முறுக்கிக்கொண்டால் எப்படித் தலையை ஆட்டுவான் என்று நம் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், என் தலை அப்படியே ஆடியிருக்கிறது. அவர் உள்ளே போய் மாமன் கோபமாக இருக்கிறார் என்று சொல்ல, உடனே ஆளாளுக்குக் காரணம் கண்டுபிடித்தார்களாம். பத்திரிகையில் என் பெயர் மூன்றாவது வரியில் போய்விட்டது என்றார் ஒருவர், கண்ணாடி போடாமல் படித்த எனக்கு அது இன்றுவரை தெரியாது. வானதி காதுகுத்தில் எனக்கு இலையில் அப்பளம் விழவில்லை என்றார் இன்னொருவர். உன் அண்ணியிடம் கேட்டதற்கு, 'காலையிலேருந்தே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு' என்று சாட்சி சொல்லிவிட்டாள். காலையில் நான் டைனமோ பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது.

அப்புறம் உன் சம்பந்தியே வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார், மேளமும் நாயனமும் முன்னால். ஜன்னலுக்குள் தலையை விட்டு, 'எங்க மேல என்ன தப்பிருந்தாலும் பெரிய மனசு பண்ணுங்க' என்றார். அவர் காது என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்த இடத்தில்தான் நான் மகா தப்புப் பண்ணினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். 'ஐயா, காலை எடுத்தா வண்டி நின்னுரும்' என்று நாலு வார்த்தையோ ஐந்து வார்த்தையோ சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கண்டிஷன் வண்டி என்று உன்னிடம் சவால் விட்டவன், புதுச் சம்பந்தியிடம் என் வண்டி கிளம்பாது என்று எப்படிச் சொல்வேன்? கோபக்காரன் என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை, ஓட்டை வண்டிக்காரன் என்று எடுக்கக் கூடாது என்று அந்த நிமிஷத்தில் என் புத்தி போயிற்று. 'பரவால்லைங்க, நான் இங்கயே இருக்கேன்' என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த தட்டோடு உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளையே வந்தார். அவரிடமும் அதையே சொன்னேன்.

கடைசியில் நீயே வந்தாய். பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவள், தலையில் பூ சரிந்தது தெரியாமல், கையில் தட்டோடு வந்து நின்று, 'அண்ணே, உங்களுக்கு நான் என்ன கொற வச்சேன்?' என்று கேட்டாய். கண்ணில் தண்ணீர். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. காலை எடுத்தேன், இறங்கினேன். உனக்காகத்தான் அந்த இன்ஜினை நான் விட்டேன் என்பதை நீ மறக்கக் கூடாது. மணவறைக்கு வானதியைக் கைபிடித்து அழைத்துப் போகும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அவளுக்கு மட்டும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். பத்து இருபதுக்குத் தாலி ஏறியது. அதற்குப் பிறகு நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் சேர்ந்து தள்ளி ஓரம் கட்டினார்கள். மாமன் கோபத்தில் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்களாம்.

இதுதான் நடந்தது. குற்றம் செல்ஃப் மோட்டார் மேலும், அதை மறைத்த என் வாய் மேலும். உன் மேல் எனக்கு எள்ளளவு கோபமும் கிடையாது, எப்போதும் இருந்ததில்லை. வண்டி கபீர் ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் இல்லாமல் நிற்கிறது. இப்போது ஐந்து ஆற்றிலும் தண்ணீர் போகிறது, ஊற்றத்தான் இடமில்லை. தலை ஆடிக்குப் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் உன் வீட்டுக்கு வருவார்கள். அன்றைக்கு என்னைக் கூப்பிடுவாயா மாட்டாயா என்று உன் அண்ணியிடம் நான் கேட்பதும், அவள் தெரியாது என்பதும் தினப்படி நடக்கிறது. நம் அப்பா அம்மா இல்லாத வீட்டில் எனக்குக் கூடப் பிறந்தவள் என்று இருப்பவள் நீ ஒருத்திதான். இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

வானதியும் அவள் புருஷனும் பெருவாழ்வு வாழட்டும். உன் வீட்டுக் களத்தில் நெல் குறையாமல் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணன்
நாகநாதன்

பி.கு.: கவரை ஒட்டிவிட்டு, மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஒன்று பொய். நீ வரும்வரை இன்ஜின் ஓடவில்லை. உன் கொழுந்தனார் திரும்பிப் போனாரே, அப்போதே அது இருமிவிட்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வாசலில் கேட்ட சத்தம் மண்டபத்து ஜெனரேட்டர். நின்றதும் இறங்கலாம் என்று கதவில் கையை வைத்தேன். அப்போதுதான் மேளம் என்னைப் பார்த்து வந்தது. என் கல்யாணத்தில் மேளக்காரர்கள் பஸ்ஸைத் தவறவிட்டுத் தாலி கட்டின பிறகு வந்தது உனக்கு நினைவிருக்கும். இந்த வயதுவரை எனக்காக யாரும் மேளம் கொட்டிக்கொண்டு வந்ததில்லை, பெரிய மனசு பண்ணுங்க என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. செத்துப்போன ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருந்தது அமிர்தம். நீ அழுதுகொண்டு வந்ததைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. இனி நீ என் மேல் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. தட்டு வேண்டாம், மேளம் வேண்டாம், தலை ஆடிக்கு பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன். போனை எடுத்து நாலு வார்த்தை திட்டிவிட்டு, வாங்க என்று ஒரு வார்த்தை சொல், போதும்.